தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது: செடி வளரும் மீன் தொட்டி வைத்தவர்களின் அனுபவங்கள்

அம்பத்தூர்க்காரன்

தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கியவன் நான். முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னைக் கொளத்தூர் வண்ண மீன் கடைகளுக்குப் போனேன். 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் தொட்டி. கணக்குப் போட்டால் 127 லிட்டர். மணலும் கட்டையும் போக நூற்றுச் சொச்சம் நிற்கும். கடைக்காரர் பத்து நியான் டெட்ரா, நாலு டைகர் பார்ப், ரெண்டு ஏஞ்சல் என்று பை பையாகக் கட்டிக்கொண்டே போனார். கடைசியில் "அழுக்கெல்லாம் இது தின்னுடும் சார்" என்று விரல் நீளத்தில் ஒரு சக்கர் மீனையும் போட்டார். வீட்டில் போர் தண்ணீரை ஊற்றி, செடியை நட்டு, ராத்திரி எட்டு மணிக்கு விளக்கைப் போட்டதும் மகள் கைதட்டினாள்.

நாலாம் நாள் காலையில் நியான்கள் எல்லாம் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றன. பசி போலிருக்கிறது என்று இன்னொரு சிட்டிகை தீனி போட்டேன். சிரிக்காதீர்கள். ஆறாம் நாள் மிஞ்சியது மூன்று. டைகர் பார்ப்கள் மட்டும் தெம்பாக, ஏஞ்சலின் வயிற்றுக்கடியில் நூல் மாதிரித் தொங்கும் துடுப்பைக் கடித்துக் கடித்துக் குட்டையாக்கி விட்டன.

என்னைக் குழப்பியது தண்ணீர்தான். பளிங்கு மாதிரி இருந்தது. அப்புறம் டெஸ்ட் கிட் வாங்கி, 5 மில்லி தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்த்தேன். மஞ்சளாக நிற்க வேண்டியது புல் பச்சைக்குப் போனது. அமோனியா. கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் எட்டாது. மீனின் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் வருகிறது. அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட் அவ்வளவு விஷமில்லை, செடியும் உறிஞ்சிக்கொள்ளும். புதுத் தொட்டியில் இந்த ரெண்டு கூட்டமும் கிடையாது. அது குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். என் போர் தண்ணீரின் பிஎச் 8. பிஎச் ஏற ஏற, சூடு ஏற ஏற, அதே அமோனியா இன்னும் கொடிய விஷமாகிறது. சித்திரை மாதத்தில், அதுவும் அம்பத்தூரில், எனக்கு ரெண்டுமே வாய்த்தது.

ரெண்டாம் தடவை மீன் வாங்கவே இல்லை. மிஞ்சியவற்றை வேறு தொட்டிக்கு மாற்றினேன். வீடு கட்டியபோது மிஞ்சிய ஆற்று மணல் மாடியில் ஒரு மூட்டை கிடந்தது. ஒரு ஸ்பூன் மணலில் வினிகர் ஊற்றிப் பார்த்தேன். நுரைத்தால் அதில் கிளிஞ்சலோ சுண்ணாம்போ இருக்கிறது, தண்ணீர் இன்னும் கடினமாகும். நுரைக்கவில்லை. பக்கெட்டில் போட்டுக் கழுவினேன், பதினோரு தண்ணீர். பன்னிரண்டாவதில் கை தெரிந்தது.

பின்வரிசையில் வாலிஸ்னேரியா. கடின நீர் அதற்குக் கொண்டாட்டம். பக்கத்தில் வாட்டர் விஸ்டீரியா, அது நம் நாட்டுச் செடியேதான். முன்னால் கிரிப்டோகொரைன். ஜாவா ஃபெர்னை மட்டும் மணலில் புதைக்காமல் கட்டையில் தையல் நூலால் கட்டினேன். அதன் கிழங்குத் தண்டைப் புதைத்தால் அழுகிவிடும், முதல் தடவை அப்படித்தான் அழுக வைத்தேன். அந்த பாக்டீரியா சீக்கிரம் குடியேற, அலுவலக நண்பர் ஒருவரின் தொட்டி பில்டரிலிருந்து ஸ்பாஞ்சை என் தொட்டியில் பிழிந்துவிட்டேன். காப்பித் தண்ணி மாதிரி இறங்கியது. தினம் ஒரு சிட்டிகை தீனி, மீனே இல்லாத தொட்டிக்கு. அது அழுகி வரும் அமோனியாதான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. மனைவி பார்க்கும்போதெல்லாம் "யாருக்குப் படையல்?" என்பாள்.

பன்னிரண்டாம் நாள் நைட்ரைட் டெஸ்ட் குழாய் கத்தரிப்பூ நிறம், அதாவது நைட்ரைட் ஏறியிருந்தது. முப்பத்து மூன்றாம் நாள் அமோனியாவும் பூஜ்யம், நைட்ரைட்டும் பூஜ்யம். அன்றைக்கு வாங்கியது ஆறே ஆறு ஜீப்ரா டேனியோ. ரெண்டு வாரம் கழித்து எட்டு செர்ரி பார்ப். அப்புறம் ஒரு ஜோடி ஹனி கௌராமி. நியான் பக்கம் போகவே இல்லை. அமேசான் பக்கத்து மென்மையான தண்ணீரில் வாழ்கிற மீனை டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) 1100 காட்டுகிற போர் தண்ணீரில் விட்டது என் தப்பு, மீனின் தப்பில்லை. இப்போது ஒரு பங்கு போர் தண்ணீருக்கு மூன்று பங்கு ஆர்ஓ கலக்கிறேன், மீட்டர் 300 பக்கம் நிற்கிறது. ஆர்ஓ கழித்துவிடும் தண்ணீரை வாழைக்கு விடுகிறோம்.

உங்கள் முதல் தொட்டி எப்படிப் போனது? சொல்லுங்கள், என் மனசும் கொஞ்சம் ஆறும்.

வைகைக்கரை

அண்ணே, நம்ம கதை அடுப்பங்கரையில ஆரம்பிச்சது.

எங்க வீட்டுல அயிரை வாங்குனா உசுரோடதான் வாங்குவோம். ஆட்டுக்கறியை விட விலை கூடின மீனு. சட்டியில போட்டு பால் ஊத்தி வச்சா வயித்துல இருக்க மண்ணைக் கக்கிரும், அப்புறம்தான் குழம்பு. ஒரு நாள் அம்மா பால் எடுக்க உள்ள போன நேரத்துல கைக்கு வந்த எட்டை அள்ளி என் ரெண்டடித் தொட்டியில விட்டுட்டேன். கடையில குஹ்லி லோச்னு ஒரு மீனு ஜோடி இவ்வளவுன்னு விக்கிறாங்களே, அது மணலைக் கிளறி மிச்சத் தீனியைத் தின்னுற அதே சோலிய நம்ம அயிரை பாக்குமான்னு ஒரு ஆசை.

விட்ட அஞ்சு நிமிசத்துல எட்டும் காணோம். பதறிப் போய் டார்ச் அடிச்சுப் பாத்தா, மணலுக்கு மேல கண்ணு மட்டும் ஜோடி ஜோடியா முழிச்சுக்கிட்டு இருக்கு. அப்பப்ப ஒண்ணு சர்ருனு மேல போயி ஒரு வாய் காத்தை முழுங்கிட்டு வந்து திரும்பப் புதைஞ்சுக்கிரும். குடல் வழியா காத்தை எடுத்துக்கிற சாதி அது, அதுனால மூச்சு முட்டுதுன்னு பயப்பட வேணாம்.

ரெண்டு விசயம் சொல்லணும். மணல் மெல்லிசா இருக்கணும். கூரான ஜல்லித் தூள், எம்-சாண்டு எல்லாம் போட்டா அடிவயிறும் மீசையும் சிராய்ஞ்சு போகும். அடுத்து, புதுசா நட்ட சின்னச் செடி எதுவும் மறுநாள் காலையில நட்ட இடத்துல இருக்காது. கிரிப்டோவை ஒரு சின்ன மண் அகல்ல நட்டு அகலோட புதைச்ச பெறகுதான் நின்னுச்சு.

எட்டுல ரெண்டு முத வாரத்துலயே போயிருச்சு. மிச்சம் ஆறு. அம்மா, "குழம்புக்கு வாங்குனதுக்குச் சோறு போடுறவன் ஊர்லயே நீ ஒருத்தன்தான்டா"ன்னு இன்னைக்கு வரைக்கும் சொல்லும்.

பள்ளிக்கரணை

மிக்ஜாம் புயல் சமயம், 2023 டிசம்பர் 4. எங்கள் தெருவில் கரண்ட் மூன்று நாள் இல்லை. மனிதர்களுக்கே பால் பாக்கெட் கிடைக்காத நேரத்தில் மீனைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருந்தது. ஆனாலும் தொட்டி எதிரிலேயேதான் இருக்கிறது.

தீனியை அடியோடு நிறுத்தினேன். வளர்ந்த மீன் ஒரு வாரம் பட்டினி தாங்கும், கெட்ட தண்ணீரைத்தான் தாங்காது. ரெண்டு மணிக்கொரு தடவை மக்கில் தொட்டித் தண்ணீரை மொண்டு ஒரு அடி உயரத்திலிருந்து ஊற்றினேன், ஒரு முறைக்கு ஐம்பது மக்கு. ராத்திரி நானும் தம்பியும் முறை போட்டுக்கொண்டோம். ராத்திரியில் செடியும் ஆக்ஸிஜனை எடுக்கும் என்பதால் விடியற்காலைதான் ஆபத்தான நேரம்.

மூன்றாம் நாள் கரண்ட் வந்ததும் தம்பி சந்தோஷத்தில் கேனிஸ்டர் பில்டரின் சுவிட்சைப் போடப் போனான். கையைத் தட்டிவிட்டேன். மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். மூடிய டப்பாவுக்குள் காற்றில்லாமல் கிடந்த பாக்டீரியா செத்து, உள்ளிருந்த தண்ணீர் முழுக்க விஷம். அப்படியே ஓட விட்டிருந்தால் மூன்று நாள் காப்பாற்றியதெல்லாம் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். அதைக் கொட்டி, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசிப் போட்டேன். அடுத்த ரெண்டு வாரம் புதுத் தொட்டி போலப் பாவித்து, தினம் டெஸ்ட். போனது ஒரே ஒரு கௌராமி. இப்போது பேட்டரி ஏர் பம்பு ஒன்று அலமாரியில் இருக்கிறது. அதோடு ஸ்பாஞ்ச் பில்டர் ஒன்றும் கூடவே ஓடுகிறது, கரண்ட் போனால் பேட்டரி பம்பின் ட்யூபை அதில் மாட்டினால் போதும்.

யாழ்ப்பாணத்தான்

அம்பத்தூர் அண்ணை செர்ரி பார்ப் எண்டு சொன்னதும் எழுத வேணும் போல இருந்தது. அது எங்கட நாட்டு மீன். இலங்கையின்ர தென்மேற்கில, மழைக்காட்டு நிழலில ஓடுற சின்ன ஓடையளில வாழுறது. உங்கட தொட்டியில முன்னுக்கு நிக்கிற கிரிப்டோகொரைன் வென்டியாய் இருந்தால் அதுவும் இலங்கைச் செடிதான். ரெண்டும் ஊரை விட்டுப் போய் உங்கட வீட்டில சந்திச்சிருக்கினம்.

ஆனா நான் இருக்கிறது வடக்கில. எங்கட நிலம் சுண்ணாம்புக்கல், கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வைச்சால் கேத்தலுக்குள்ள வெள்ளைப் படை பிடிக்கும். கொழும்பில இருந்து பஸ்ஸில மடியில வைச்சுக் கொண்டு வந்த பத்துச் செர்ரி பார்பையும் பையை அரை மணித்தியாலம் மிதக்க விட்டிட்டு நேர கிணத்துத் தண்ணிக்குள்ள விட்டன். சூடு சரி வந்தால் எல்லாம் சரி எண்டு நினைச்சன். விடியப் பாக்க நாலு கிடந்தது. அடுத்த முறை வாளிக்குள்ள விட்டு, எயார் லைன் குழாயில முடிச்சுப் போட்டு, சொட்டுச் சொட்டாய் ரெண்டு மணித்தியாலம் எங்கட தண்ணியை விட்டன். எல்லாம் தப்பிச்சுது. ஆனாலும் ஆம்பிளை மீனில அந்தச் சிவப்பு வரேல்ல. மாரியில பீப்பாய்க்குள்ள பிடிச்ச மழைத்தண்ணியைப் பாதிக்குப் பாதி கலந்த பிறகுதான் வந்தது. என்ன சிவப்பு எண்டுறியள், பழுத்த கோப்பிப் பழம் மாதிரி.

கிரிப்டோ நட்டு ஒரு கிழமையில இலை எல்லாம் கரைஞ்சு களியாய்ப் போச்சுதெண்டால் பிடுங்கி எறியாதேங்கோ. இடம் மாறினால் அது அப்பிடித்தான். வேர் உயிரோட இருக்கும், ஒரு மாதத்தில புது இலை விடும். நான் முதல் தரம் எறிஞ்சனான்.

கிணத்துத் தண்ணியை அப்பிடியே பாவிக்க வேணும் எண்டால் கப்பி, மோலி, பிளாட்டி. மோலி எங்கட தண்ணியில போடுற குட்டிக்கு ஆள் தேட வேண்டிக் கிடக்கு.

திருச்சி

சுருக்கமா சொல்றேன். காசு மிச்சம்னு வாய்க்கால்ல இருந்து வேலம்பாசி அள்ளிட்டு வந்து போட்டேன். ஒரு மாசத்துல பதினஞ்சு கப்பி அஞ்சாச்சு, செத்த மீன் ஒண்ணு கூடக் கிடைக்கல. கடைசில கட்டைக்கு அடியில மாட்டுனது ரெண்டு தும்பிக் குஞ்சு, தாடையை நீட்டி மீனைப் பிடிச்சுக்கிட்டு. பாசி எடுத்தா ஒரு வாரம் வெள்ளைத் தொட்டியில தனியா போட்டு, தினம் அலசுங்க.

அம்பத்தூர் சார், அந்த சக்கர் என்னாச்சு? சொல்லவே இல்லையே.

அம்பத்தூர்க்காரன்

கேட்டுவிட்டீர்களா. தொட்டி தயாரானதும் அதை மட்டும் திரும்பக் கொண்டுவந்து விட்டேன். அழுக்கைத் தின்னும் என்றார்கள், அது போடுகிற அழுக்கை யார் தின்பது என்று யாரும் சொல்லவில்லை. ஒன்றரை வருஷத்தில் முக்கால் அடி. ராத்திரி திரும்பினால் ஒரு வரிசை வாலிஸ்னேரியா வெளியே வந்துவிடும். கடையில் திருப்பி வாங்க மாட்டேன் என்றுவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர், "ஏரியில விட்டுடுங்க, புண்ணியம்" என்றார்.

வைகைக்கரை

அண்ணே, விட்டுராதீங்க! எங்க பக்கம் கண்மாயில வலை போட்டா அதுதான் ஏறுது. முள்ளுத் துடுப்பு வலையக் கிழிக்குது, தின்னவும் ஆள் கிடையாது. தென் அமெரிக்கா மீனு, இங்க அதை அடக்க ஒண்ணும் இல்ல.

அம்பத்தூர்க்காரன்

விடவில்லை. ஆவடிப் பக்கம் ஒருவர் ஆறடித் தொட்டியில் பெரிய மீன்கள் வைத்திருக்கிறார், அங்கே பெயிண்ட் பக்கெட்டில் வைத்து ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வழியில் ரெண்டு தடவை மூடியைத் தள்ளியது. அது இருந்த இடத்தில் இப்போது ஆறு கோரி மீன், கண்ணாடிப் பாசிக்கு நத்தை. போன வாரம் விஸ்டீரியா இலைக்குள் கடுகளவில் ரெண்டு கண் தெரிந்தது. செர்ரி பார்ப் குஞ்சாக இருக்க வேண்டும். மகளிடம் காட்டுவதற்குள் ஒளிந்துகொண்டது.

வைகைக்கரை

குஞ்சு தப்பிக்கணும்னா அந்த விஸ்டீரியாவ வெட்டாதீங்கண்ணே, அடர்ந்து கிடக்கட்டும். பெரிசுகளே தின்னுரும்.

இங்க அம்மா நேத்து தொட்டிகிட்ட ரொம்ப நேரமா நின்னுச்சு. என்னம்மான்னேன். "அஞ்சுதான்டா தெரியுது, ஒண்ணு எங்க?"ங்குது.