ஊதாத் தவளை, பூபதித் தவளை: இரண்டுக்கும் ஒரே நிலையா?

கயல்_விலங்கியல்:
கல்லூரிக் கட்டுரைக்கு ஊதாத் தவளை பற்றிப் படிக்கிறேன். 2003-ல் இடுக்கியிலிருந்து புதிய இனமாக விவரிக்கப்பட்டது சகியாத்ரென்சிஸ். 2017-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்திலிருந்து பூபதி என்ற இன்னொரு இனம். முதலாவதற்குப் பழைய சிவப்புப் பட்டியலில் (உயிரினங்களின் அழிவு அபாயத்தை மதிப்பிடும் உலகப் பட்டியல்) 'அருகிவரும் இனம்' என்று இருக்கிறது. பூபதிக்கும் அதையே எழுதலாமா? பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன.

ஓடைக்கல்:
எழுதாதேம்மா. அந்த மதிப்பீடு செய்தபோது பூபதி தனி இனம் என்பதே யாருக்கும் தெரியாது.

குரலும் மரபணுவும் வேறு. ஆனால் என்னைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் மழைதான். இரண்டுமே வருடம் முழுக்க மண்ணுக்கடியில் கரையான் தின்று வாழும். இனப்பெருக்கத்துக்கு மட்டும் சில நாள் மேலே வரும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில் இருக்கும் சகியாத்ரென்சிஸ் தென்மேற்குப் பருவமழையை ஒட்டி வரும். கிழக்குச் சரிவு அப்போது மழை மறைவு. அதனால் பூபதி வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கும்.

ஒரு நவம்பரில் கிழக்குச் சரிவு ஓடை ஒன்றில் இறங்கினேன். முழங்கால் அளவு தண்ணீர்தான், நிற்கவே முடியவில்லை. அந்த இழுப்பில் தலைப்பிரட்டைகள் வாயால் பாறையை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு பாசி மேய்ந்துகொண்டிருந்தன. அப்படியே மலைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை தவளையாக மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை ஓடை ஓட வேண்டும். நடுவில் யாராவது குழாய் போட்டுத் தண்ணீரைத் திருப்பினால் அந்த வருடக் குஞ்சுகள் அவ்வளவும் போச்சு. ஜூனில் மட்டும் கணக்கெடுத்தால் இங்கே ஒன்றுமே இல்லை என்றுதான் எழுதுவோம்.

ஏலக்காடு:
அண்ணா, இடுக்கிப் பக்கம் பழங்குடி மக்களிடம் தலைப்பிரட்டைகளைப் பிடித்துச் சாப்பிடும் வழக்கமும் உண்டு. அதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஓடைக்கல்:
சரி, சேர்க்கட்டும். ஆனால் பழங்குடி மக்கள் மேல் மட்டும் பழியைப் போட வேண்டாம். காட்டை ஏலத்தோட்டமாகவும் காப்பித்தோட்டமாகவும் மாற்றியதும், ஓடைகளில் தடுப்பணை கட்டியதும் அதே பக்கத்தில் வரட்டும்.

கயல்_விலங்கியல்:
புரிந்தது, நன்றி. பூபதி என்பது யார் பெயர்?

ஓடைக்கல்:
சுப்பிரமணியம் பூபதி. ஊர்வன, நீர்நில வாழ்விகளை ஆராய்ந்தவர். 2014-ல் மேற்குத் தொடர்ச்சி மலையில் களப்பணியின்போதே இறந்துபோனார். கட்டுரையில் அவருக்கு ஒரு வரி ஒதுக்கம்மா.