கிணற்றுத் தண்ணீர் விட்ட நீச்சல் குளம் பழுப்பாகிவிட்டது

கேள்வி: 40,000 லிட்டர் குளம். நிரப்பும்போது தெளிவாக இருந்த தண்ணீர், குளோரின் போட்ட ஒரு மணி நேரத்தில் துரு நிறம். பாசியா? இன்னும் குளோரின் போடலாமா?

பதில் 1: வேண்டாம். இது பாசி இல்லை, இரும்பு. கரைந்திருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. குளோரின் பட்டதும் துருத் துகள்களாகிறது. வெள்ளை வாளியில் கிணற்றுத் தண்ணீர் பிடித்து ஒரு ஸ்பூன் திரவக் குளோரின் விட்டுப் பாருங்க. சில நிமிடத்தில் பழுப்பானால் இரும்பு. மெதுவாகக் கறுத்தால் மாங்கனீசு. துகளானது ஒருவகையில் நல்லதுதான், வடிகட்டியிலேயே பிடிக்கலாம். பம்பை நிறுத்தாமல் ஓட்டுங்க, ஸ்கிம்மர் (குளத்தின் மேல்நீரை இழுத்துக் குப்பை பிடிக்கும் வாய்) கூடையில் பாலியஸ்டர் பஞ்சு வையுங்க, பழுப்பேறியதும் மாற்றுங்க. மணல் வடிகட்டி என்றால் அழுத்தம் ஏறும்போதெல்லாம் பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவுவது).

பதில் 2: தரையில் கறை இருந்தால் வைட்டமின் சி மாத்திரையை அதன்மேல் அரை நிமிடம் அழுத்துங்க. வெளுத்தால் இரும்புக் கறை. குளோரினைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டு சுமார் 500 கிராம் அஸ்கார்பிக் அமிலம் (அதே வைட்டமின் சி) போடணும். கறை போனதும் ஹெச்இடிபி (இரும்பைத் தண்ணீரிலேயே கரைந்திருக்க வைக்கும் ரசாயனம்) சேர்க்காமல் குளோரினை ஏற்றினால் அதே கறை திரும்ப வரும். பிஎச் 7.2 ஒட்டியே இருக்கட்டும்.

பதில் 3: ஒரு திருத்தம்: ஹெச்இடிபி இரும்பை வெளியேற்றாது, கட்டிப்போடும், அவ்வளவே. குளோரின் ஹெச்இடிபியைச் சிதைப்பதால் அவ்வப்போது சேர்க்கணும். ஆவியானதற்கு ஈடாகக் கிணற்று நீரே விட்டால் இரும்பு ஏறிக்கொண்டே போகும். குழாய் முனையில் இரும்பு நீக்கும் வடிகட்டி மாட்டி விடுங்க.