இலையுதிர்காலத்து ஸ்தோத்திரம்: இன்னும் மனத்தை விட்டு அகலாத ஒரு நிகழ்வு

இலையுதிர்கால நன்றித் திருநாட்களில் கண்டு, மனத்தை விட்டு அகலாத ஒரு நிகழ்வை எழுதும்படி கேட்டதற்கு வெவ்வேறு நாடுகளிலிருந்து வந்த பதிவுகள்:

விஸ்கான்சின் தாதி

கடந்த நவம்பரில், நன்றி கூறும் நாளன்று, எங்கள் சபையின் முதிய அம்மையார் ஒருவர் என்னைத் தம் வீட்டு விருந்துக்கு அழைத்திருந்தார். அவருடைய கணவர் அக்டோபரில்தான் காலமாகியிருந்தார். வான்கோழியைப் பற்றியும் பூசணிப் 'பை' என்னும் இனிப்புப் பண்டத்தைப் பற்றியும் இங்கு யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. உணவுக்கு முன் ஒவ்வொரு தட்டிலும் ஐந்து சோள மணிகள் வைக்கப்பட்டிருந்தன. அமெரிக்காவின் பிளிமத்தில் குடியேறிய ஆங்கிலேயர்கள் ஒரு கொடிய குளிர்காலத்தில் ஆளுக்கு ஐந்து மணிகளைப் பங்கிட்டு உண்டதன் நினைவாக, மணிக்கு ஒரு நன்றியாக எல்லாரும் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் குடும்ப வழக்கம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தையும் நாய்க்குட்டியையும் சொன்னார்கள். அம்மையார் ஐந்தாவது மணியை எடுத்து நெடுநேரம் விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "அவர் போவதற்கு முந்தைய இரவில், யாரும் கேட்காமலே அவருடைய நகங்களை வெட்டிவிட்ட அந்தத் தாதிக்காக" என்றார். அந்தத் தாதியின் பெயர் அவருக்குத் தெரியாது.

நானும் தாதிதான், ஆனால் வேறொரு மருத்துவமனையில் பணிபுரிகிறேன். நகம் வெட்டியதை நாங்கள் எந்தக் குறிப்பேட்டிலும் எழுதுவதில்லை. மறுநாள் எங்களுக்கே நினைவிருக்காது. அப்படி மறந்துபோன ஒன்றை முன்பின் அறியாத ஒருவர் ஆண்டவரிடம் சொல்லிக்கொண்டிருக்கக்கூடும் என்பது அன்றிலிருந்து ஒவ்வோர் இரவுப் பணியிலும் என்னைத் தொடர்ந்து வருகிறது.

லிங்கன்ஷயர் வாசகர்

எங்கள் கிராமத்து ஆங்கிலிக்கன் ஆலயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அறுவடை ஞாயிறு இங்கே எப்படியிருக்கும் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும்: கோதுமைக் கதிர்க்கட்டு வடிவில் சுட்ட பெரிய ரொட்டி, ஆப்பிள்கள், உணவு வங்கிக்காக அடுக்கிய டப்பா உணவுகள். கார்ன்வாலின் மார்வென்ஸ்டோ ஊரில் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர் என்ற குருவானவர் 1843 அக்டோபரில் நடத்திய ஆராதனையிலிருந்து பரவிய வழக்கம் இது. நான் சொல்லவந்த ஆண்டில், ஆகஸ்டில் மழை விடவேயில்லை. கதிரிலேயே முளைவிட்ட கோதுமை மாவுக்கு உதவாது. கால்நடைத் தீவனமாகத்தான் விலைபோகும். எழுபது வயதைக் கடந்த விவசாயி ஒருவர் அப்படி முளைத்துக் கறுத்த கதிர்களை ஒரு கைப்பிடியளவு கொண்டுவந்து, பளபளக்கும் அந்த ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். உதவியாளராயிருந்த பெண்மணி, தவறிக் கொண்டுவந்துவிட்டார் என்று எண்ணி அதை எடுக்கக் கை நீட்டினார். விவசாயி ஒன்றும் பேசாமல் அவருடைய கையை மெல்ல விலக்கிவிட்டுத் தம் இருக்கைக்குத் திரும்பினார். பிறகு எல்லாரோடும் எழுந்து நின்று அறுவடைப் பாடலை உரத்த குரலில் பாடினார்.

அவரிடம் ஏதும் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. ஆபகூக்கின் மூன்றாம் அதிகாரத்தை அதற்கு முன்பு பலமுறை வாசித்திருக்கிறேன். வயல்கள் தானியத்தை விளைவியாமற்போனாலும் என்ற வசனத்தை ஒருவர் கையில் ஏந்தி வந்ததை அன்றுதான் கண்டேன்.

பாஸ்டனிலிருந்து

விஸ்கான்சின் சகோதரி பொறுத்துக்கொள்ள வேண்டும்: ஐந்து சோள மணிகளின் கதை அக்காலத்தவர் எழுதிவைத்தவற்றில் காணப்படுவதில்லை, அது பிற்காலத்து மரபு. 1621இல் பிளிமத்தில் நடந்தது மூன்று நாள் விருந்து. அங்குள்ள பூர்வகுடியினரான வாம்பனோவாக் மக்களின் தலைவர் மாசசோயிட் ஏறத்தாழ 90 ஆண்களுடன் அதில் கலந்துகொண்டார் என்று குடியேறியவர்களில் ஒருவரான எட்வர்ட் வின்ஸ்லோ கடிதத்தில் எழுதியிருக்கிறார். பிளிமத் மக்கள் ஜெபத்தோடு நன்றி நாளாக ஆசரித்தது 1623இல், நீண்ட வறட்சிக்குப் பின் மழை பெய்தபோதுதான். இப்போதைய விடுமுறையோ, உள்நாட்டுப் போரின் நடுவில் 1863இல் லிங்கன் விடுத்த அறிவிப்பிலிருந்து தொடர்ந்து வருவது. இவற்றைச் சேர்த்துக் குழப்பிக்கொண்டு, அந்த விருந்தில் கலந்துகொண்ட வாம்பனோவாக் மக்களுக்குப் பின்னர் நேர்ந்ததை மறந்துவிடுவது விசுவாசத்துக்கு நன்மை செய்யாது என்று உறுதியாக நம்புகிறேன்.

ஒருமுறை, நன்றி கூறும் நாளான வியாழக்கிழமையன்று பிளிமத்துக்குப் போயிருந்தேன். கடற்கரைக்கு மேலுள்ள கோல்ஸ் ஹில் குன்றில் பூர்வகுடியினர் 1970 முதல் அந்த நாளைத் துக்க நாளாக ஆசரித்து வருகிறார்கள். பலர் முந்தைய மாலையிலிருந்தே உபவாசமிருப்பார்கள். குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் என் கையிலிருந்த சூடான காபியை நீட்டினேன். அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். ஆனால் ஒரு வாய்கூடப் பருகாமல், உரைகள் முடியும்வரை அந்தக் குவளையை இரு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டேயிருந்தார். அன்று மாலை மாமனார் வீட்டு மேசையில் என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். வாம்பனோவாக் மக்களின் பெயரைச் சொல்லாமல் என்னால் அந்த ஜெபத்தைத் தொடங்க முடியவில்லை.

ஹனோவர், ஜெர்மனி

பாஸ்டன் சகோதரர் எழுதிய வரலாறு சரியானதே. ஆயினும் சோள மணிக் கதை பிற்காலத்தது என்பதால் அந்த விதவையின் நன்றி பிற்காலத்ததாகிவிடாது; இரண்டையும் ஒரே பதிவில் வைத்துப் பேசியிருக்க வேண்டாம்.

இங்கே அறுவடை நன்றித் திருநாள் பெரும்பாலும் அக்டோபர் முதல் ஞாயிறு. சென்ற ஆண்டு எங்கள் ஆலயத்தில் பூசணிக்காய்களுக்கு நடுவே, கிடங்கில் பொதி கட்டும் வேலை செய்யும் ஒரு பெண்மணி, உள்ளங்கை தேய்ந்து ஓட்டையாகிப்போன தம் கையுறைகளை வைத்தார். என் அனுபவம் அவ்வளவுதான்.

நன்றியறிதலைப் பழக விரும்புகிறவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். இந்நாட்டு இவாஞ்சலிக்கல் (புரொட்டஸ்டண்ட்) சபைகளில், கிறிஸ்துமஸுக்கு ஆயத்தப்படும் ஆகமன காலத்துக்கு முந்தைய கடைசி ஞாயிறன்று அந்த ஆண்டில் மரித்தோரின் பெயர்கள் வாசிக்கப்படும். பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரீட்ரிக் வில்ஹெல்ம் 1816இல் ஏற்படுத்திய நாள் அது. அறுவடை ஞாயிறுக்கும் அதற்கும் இடையில் ஏழெட்டு வாரங்கள் இருக்கின்றன. அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பியபின் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். மனம் சோர்ந்துபோவதும் அப்போதுதான். அந்த வாரங்களில் குடும்பமாக அமர்ந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். "சுகம், உணவு, வேலை" என்று பொதுவாக எழுதினால் மூன்றாம் நாளே கை ஓய்ந்துவிடும். இன்னார் இன்னது செய்தார் என்று எழுதுங்கள். வாரத்துக்கு ஒருமுறை அவர்களில் ஒருவரிடம் நேரில் சென்றோ கடிதம் எழுதியோ அதைச் சொல்லிவிடுங்கள். கிடைக்காதவற்றையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். துக்கத்திலிருப்பவரை நன்றி சொல்லும்படி ஒருபோதும் நெருக்காதீர்கள்; அவருக்கு நூற்றுமூன்றாம் சங்கீதத்தை நாம் வாசிக்கலாம், பதில் எதிர்பார்க்கக் கூடாது. அறுவடை ஞாயிறுகளில் இங்கு பாடப்படும் நன்றிப் பாடலை எழுதிய மார்ட்டின் ரிங்கார்ட், முப்பதாண்டுப் போர்க் காலத்தில் ஐலன்பர்க் நகரின் போதகராயிருந்தவர்; 1637ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் ஆயிரக்கணக்கானோரை அடக்கம் செய்தார், அவர்களில் ஒருவர் அவருடைய மனைவி. அவரை யாரும் நெருக்கிப் பாடவைக்கவில்லை.

ஸ்கார்பரோ, கனடா

ஹனோவர் ஐயாவின் ஆலோசனை நல்லதே, ஆனால் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவதை நம் சபையார் எத்தனை பேர் தொடர்வார்கள் என்று தெரியவில்லை. நமக்குக் கைவந்தது காணிக்கையும் ஏலமும். அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை இங்கு நன்றி கூறும் நாள். அதற்கு முந்தைய ஞாயிறன்று எங்கள் தமிழ்ச் சபையில், ஊரில் நடப்பதுபோலவே, ஆராதனைக்குப் பின் காய்கறிகளை ஏலம் விடுவோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஓர் அம்மம்மா, உறைபனி விழுவதற்கு முன் தம் வீட்டுப் பின்வளவில் பறித்த ஒரேயொரு பாகற்காயைக் கொண்டுவந்தார். ஏலம் ஏறிக்கொண்டே போய், நான் அறுபது டாலருக்கு எடுத்தேன். எடுத்தவர்கள் அதைக் கொடுத்தவருக்கே திருப்பிக் கொடுப்பது எங்கள் சபையில் நெடுநாளாக இருந்துவரும் அன்பான வழக்கம். நானும் அப்படியே அவரிடம் நீட்டினேன். அவருடைய முகம் இறுகிப்போயிற்று. "ஆண்டவருக்குக் குடுத்ததை எனக்குத் திருப்பித் தராதை, தம்பி" என்று எல்லாரும் கேட்கும்படி சொன்னார்.

ஏலப் பணம் அந்த வாரமே உணவு வங்கிக்குச் சென்றது. பாகற்காயை என் மனைவி சமைத்தார். நாங்கள் ஜெபித்து உண்டோம். அம்மம்மாவிடம் மறுவாரம் பேசினேன்; அன்பாகவே பேசினார், ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. உங்கள் சபைகளில் ஏலத்தில் எடுத்ததை என்ன செய்கிறீர்கள் என்பதை அறிய விரும்புகிறேன். இந்த ஆண்டு ஏலத்துக்கு முன் அந்த வழக்கத்தை நிறுத்தும்படி எங்கள் போதகரிடம் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.