வெள்ளைச் சிறகில் இளஞ்சிவப்புத் திட்டு: டார்க்டேபிளா, ராதெரபியா?

கேள்வி:
வேடந்தாங்கலில் காலை வெயிலில் கரண்டிவாயன் பறவைகளைப் படம் எடுத்தேன். கேமராத் திரையில் சிறகுகள் தூய வெள்ளையாக இருந்தன. அதே ரா கோப்பை (கேமரா சென்சார் பதிந்த மூலத் தரவை) டார்க்டேபிள் என்ற படத்திருத்த மென்பொருளில் திறந்தால் படம் முழுவதும் சோர்ந்து கிடக்கிறது. வெயில் நேராக விழுந்த சிறகுகளில் இளஞ்சிவப்புத் திட்டு வேறு. ராதெரபி என்ற இன்னொரு மென்பொருளில் கேமராவில் பார்த்தபடியே வருகிறது, திட்டும் இல்லை. ஆறு மாதம் உட்கார்ந்து டார்க்டேபிள் கற்றேன். அதைக் கைவிடுவதுதான் வழியா?

பதில் 1:
கைவிட வேண்டாம், நண்பரே. கேமராத் திரையில் நீங்கள் பார்த்தது ரா அல்ல; ரா கோப்புக்குள் கேமரா தானே திருத்திச் சேர்த்து வைக்கும் ஜேபெக் படம். ராதெரபி அந்த ஜேபெக்கைப் பார்த்து அதற்கேற்ற வெளிச்ச வளைகோட்டைத் தானே போட்டுக்கொள்கிறது. டார்க்டேபிள் அப்படிச் செய்வதில்லை, வெளிச்சத்தை உங்கள் கையில் விடுகிறது. முதலில் எக்ஸ்போஷரை (படத்தின் மொத்த வெளிச்ச அளவை) உயர்த்திப் பறவையின் உடலைச் சரியான வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு மென்பொருளையும் அதற்குப் பிறகு ஒப்பிடுவதுதான் நியாயம்.

பதில் 2:
சோர்வுக்கு மேலே சொன்னது சரி. திட்டுக்குக் காரணம் வேறு. வெயிலில் சென்சாரின் பச்சைப் பிக்சல்கள்தாம் முதலில் நிரம்பி வழியும்; அதற்கு மேல் வரும் ஒளி பதிவாகாது. பிறகு வெண்சமநிலைக்காக, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரிவதற்காக, சிவப்பை ஏறத்தாழ 2 மடங்கும் நீலத்தை ஒன்றரை மடங்கும் பெருக்கும்போது, நிரம்பிய பச்சை மட்டும் பின்தங்கிவிடும். மிஞ்சுவது இளஞ்சிவப்பு. டார்க்டேபிளில் நிரம்பிய இடங்களைச் சீராக்கும் ஹைலைட் ரீகன்ஸ்ட்ரக்ஷன் பகுதி இதைச் சரிசெய்துவிடும். ஆனால் பிக்சல் நிரம்பியது அதற்குத் தெரிய வேண்டும். அந்தப் பகுதி இயங்குகிறதா? கீழ்ப்பட்டியில் உள்ள ரா மிகைவெளிச்ச எச்சரிக்கையை இயக்கினால் திட்டின் மேல் ஏதாவது குறி விழுகிறதா?

கேட்டவர்:
அந்தப் பகுதி இயங்குகிறது, ஐயா. எச்சரிக்கையைப் போட்டால் திட்டின் மேல் ஒரு புள்ளிகூட விழவில்லை.

பதில் 2:
அப்படியானால் பிடிபட்டது. உங்கள் கேமராவின் வெண்மை எல்லை (பிக்சல் நிரம்பியதாகக் கொள்ளும் எண்) டார்க்டேபிளில் உண்மையைவிட உயரமாக இருக்கிறது. 14 பிட் கோப்பில் உச்ச எண் 16383. எல்லா சென்சாரும் அதுவரை போவதில்லை, சில முன்பே நிரம்பிவிடும். ராதெரபி பல கேமராக்களுக்கு அளந்து பார்த்த எல்லைகளைத் தனிக் கோப்பில் வைத்திருக்கிறது. அங்கே திட்டு வராததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். டார்க்டேபிளில் ரா பிளாக் ஒயிட் பாயின்ட் பகுதியைத் திறந்து, வெண்மை எண்ணை நூறு நூறாகக் குறையுங்கள். திட்டு மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கும் கீழே போனால் நல்ல சிறகு விவரமும் வெட்டுப்படும்.

கேட்டவர்:
15400-இல் திட்டு போய்விட்டது! கழுத்தோரச் சிறகுகளின் கோடுகள்கூடத் தெரிகின்றன. ஆனால் முதுகில் ஒரு துண்டு வெறும் வெள்ளையாகவே நிற்கிறது.

பதில் 2:
அங்கே மூன்று நிறங்களும் நிரம்பிவிட்டன. எந்த மென்பொருளாலும் அந்தச் சிறகை மீட்க முடியாது. அடுத்த முறை வெள்ளைப் பறவைக்கு வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்து எடுங்கள். இந்த எண்ணை ஒரு ப்ரீசெட்டாக (முன்னமைவாக) டார்க்டேபிளில் சேமித்து, அந்தக் கேமராவுக்கும் அதே ஐஎஸ்ஓவுக்கும் (ஒளியுணர்வு அளவுக்கும்) மட்டும் தானாக ஏறும்படி அமையுங்கள்; ஐஎஸ்ஓ மாறினால் எல்லையும் மாறக்கூடும்.