பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு: ஈபேர்டில் போட்ட 600 சிறவி எங்கே போச்சு?

ஏரிக்கரையான்:
வணக்கம். பொங்கல் கணக்கெடுப்பு 2015-லிருந்து நடக்கிறதாம், எனக்கு இதுதான் முதல் தடவை. மாட்டுப் பொங்கலன்று காலை 6.30-க்கு உத்திரமேரூர் பக்கம் உள்ள எங்கள் ஊர் ஏரிக்குப் போய், கைப்பேசியில் ஈபேர்ட் என்கிற பறவைப் பதிவுச் செயலியிலேயே பட்டியல் போட்டேன். நீலச்சிறகி (எங்கள் ஊரில் சிறவி என்கிற வாத்து) 600, நத்தைகுத்தி நாரை 40, கூழைக்கடா 9, அப்புறம் மடையான், வாலாட்டி. 600 என்று அடித்ததும் செயலி "உறுதியா?" என்று கேட்டது. ஆமாம் என்று தட்டிவிட்டேன். இப்போது அது என் கணக்கில் இருக்கிறது, ஏரியின் பொதுப் பக்கத்தில் இல்லை. தூரம் வேறு 23 கி.மீ. என்று காட்டுகிறது. கரையே 2 கி.மீ.தான்! அழித்துவிட்டுப் புதிதாகப் போடவா?

வாலாட்டி:
அழிக்காதீர்கள். தூரத்துக்குக் காரணம் எளிது: பட்டியலை முடிக்காமல் வண்டி ஏறியிருப்பீர்கள். இணையதளத்தில் பட்டியலைத் திறந்து, நீங்கள் ஏரியில் இருந்த நேரத்தையும் நடந்த தூரத்தையும் மட்டும் போடுங்கள். அதே கரையில் திரும்பி வந்திருந்தால் ஒரு வழித் தூரம் போதும்.

600 மறைந்ததற்குக் காரணம் வேறு. ஒவ்வொரு பகுதிக்கும் மாதத்துக்கும் இனவாரியாக ஒரு எண் வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் உள்ளூர்த் தன்னார்வலர் ஒருவர் பார்த்து ஒப்புக்கொள்ளும்வரை பொதுவில் வராது. உங்களைப் பொய்யர் என்று யாரும் சொல்லவில்லை. படம் இருக்கிறதா? எப்படி எண்ணினீர்கள்?

ஏரிக்கரையான்:
வண்டிதான்! ஏரியிலிருந்து நேரே மாமனார் வீட்டுக்குப் போனேன். எண்ணியது குத்துமதிப்புதான். படம் இணைத்திருக்கிறேன்.

நாணல்:
பெரிதாக்கிப் பார்த்தேன். நீண்ட கழுத்து, செம்பழுப்பு உடம்பு, அகன்று மழுங்கிய இறக்கை. முக்கால்வாசி சீழ்க்கைச்சிறகி. கூட்டம் எழும்பும்போது விசில் கேட்டதா? வலது ஓரத்தில் கண்ணுக்கு மேல் வெள்ளைப் பட்டையோடு நிற்பவைதான் நீலச்சிறகி ஆண்கள். அவை குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து வருபவை. சீழ்க்கைச்சிறகி நம் ஊர்க்காரர், வருஷம் முழுக்க இங்கேதான்.

ஏரிக்கரையான்:
விசில் கேட்டது! எங்கள் ஊரில் இந்த வாத்துகள் எல்லாமே சிறவிதான். கையேட்டில் "சிறகி" என்று தேடினேன், முதலில் நீலச்சிறகி கண்ணில் பட்டது. அதற்கு நேரே இருந்த ஆங்கிலப் பெயரைச் செயலியில் அடித்துவிட்டேன்.

நாணல்:
இந்தக் குழப்பம் எனக்கும் நடந்திருக்கிறது. படத்தில் பத்துப் பறவை எவ்வளவு இடம் அடைக்கிறது என்று பாருங்கள், அதே அளவில் கட்டம் கட்டமாக எண்ணுங்கள். அடையாளம் தெரியாததை "வாத்து இனம்" என்று பொதுவாகப் போடலாம், தப்பில்லை. எண்ணுக்குப் பதில், "பார்த்தேன், எண்ணவில்லை" என்று குறிக்கும் எக்ஸ் மட்டும் வேண்டாம். தோராயமான எண்கூட அதைவிட உபயோகம்.

வாலாட்டி:
அடுத்த தடவை 15 நிமிஷப் பட்டியலே போதும். ஏரிக்கு ஒன்று, வயலுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போடுங்கள்.

ஏரிக்கரையான்:
திருத்திவிட்டேன். சீழ்க்கைச்சிறகி 410, நீலச்சிறகி 35, வாத்து இனம் 60. தூரம் 2 கி.மீ. 410-க்கும் மறுபடி "உறுதியா?" என்று கேட்டது. இந்தத் தடவை எண்ணிய விதத்தைக் குறிப்பில் எழுதி, படத்தையும் ஏற்றிவிட்டேன்.