இரட்டைப் படிகத் தரவு: ஆர்-ஃப்ரீ இறங்கியும் அடர்த்தி தெளியவில்லை, உதவி தேவை

வணக்கம். சென்னை கிண்டியில் புரதப் படிகங்களின் கட்டமைப்பைக் கணினியில் தீர்க்கும் பணியில் இருக்கிறேன். ஒரு நொதியின் கட்டமைப்பு ஆவணி மாதத்திலிருந்து நகராமல் நிற்கிறது.

இந்தோரின் இண்டஸ்-2 சின்க்ரோட்ரானில் (வலிமையான எக்ஸ்-கதிர் தரும் துகள் முடுக்கி) 2.1 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கம் வரை தரவு எடுத்தோம். தரவைத் தொகுக்கும் எக்ஸ்டிஎஸ் மென்பொருள் 622 என்ற அறுகோணச் சமச்சீரைக் காட்டியது. ஆனால் அந்தச் சமச்சீருள்ள பி6122 இடக்குழுவில் (படிகத்தில் மூலக்கூறுகள் அடுக்கப்படும் முறை), தெரிந்த மாதிரியைப் பொருத்திப் பார்க்கும் ஃபேசர் மென்பொருள் தரும் விடைகளில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. படிகம் இரட்டையா, அதாவது வெவ்வேறு திசை நோக்கிய பகுதிகள் ஒரே படிகமாகச் சேர்ந்ததா என்று காட்டும் எல்-சோதனையின் சராசரி 0.39. இரட்டையாகாத படிகத்துக்கு 0.5, முழு இரட்டைக்கு 0.375 என்பதால், இது சமச்சீர் குறைந்த பி61 இடக்குழுவில் அமைந்த இரட்டைப் படிகம் என்றே கருதுகிறேன். நுண்ணோக்கியிலோ கூர்மையான விளிம்புள்ள அறுகோணத் தூணாக, விரிசல் எதுவும் இன்றித் தெரிகிறது.

பி61-இல் விடை கிடைத்தது. 0.37-இல் நின்ற ஆர்-ஃப்ரீ (ஒதுக்கி வைத்த தரவோடு மாதிரி எவ்வளவு பொருந்தவில்லை என்ற அளவு), இரட்டை விதியை (அந்தப் பகுதிகளின் திசைத் தொடர்பு) சேர்த்துச் செம்மைப்படுத்தியதும் 0.29-க்கு இறங்கியது. இரட்டைத் தரவில் இந்த எண் தானாகவே குறைந்து தெரியும் என்பதால் அதை நான் நம்பவில்லை. செயல்மையத்து ஹிஸ்டிடினின் பக்கச்சங்கிலிக்கு எலக்ட்ரான் அடர்த்தி இன்னும் துண்டு துண்டாகவே இருக்கிறது, எங்களுக்கு வேண்டியதும் அந்த ஓரிடம்தான். ஆர்-ஃப்ரீக்காக ஒதுக்கிய சோதனைத் தொகுதியை 622 சமச்சீருக்கு ஏற்பவே பிரித்திருக்கிறேன். நெகிழ்வான வளையங்களை நீக்கியும், ஆல்ஃபாஃபோல்டு மென்பொருள் கணித்த மாதிரியை வைத்தும் பார்த்தாயிற்று. புதிய படிகங்களும் இப்படியே வளர்கின்றன.

இத்தகைய தரவைக் கையாண்டவர்கள் சொல்லுங்கள்: பி31, பி1 எனச் சமச்சீரை இன்னும் இறக்கித் தேடினால் அடர்த்தி தெளிய வாய்ப்பு உண்டா?