எடைப்பயிற்சி முடிந்ததும் படிப்பில் மந்தம்

மகன் பிளஸ் ஒன் படிக்கிறான், வயது 16, ஊர் மதுரை. ஜூன் முதல் மாலையில் தண்டால், பஸ்கி, டம்பெல் என்று பயிற்சி செய்கிறான். முடித்த கையோடு கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் அரை மணி நேரமும் அதே பக்கம். விரல்களுக்கிடையே பென்சில்தான் சுழல்கிறது. பயிற்சி இல்லாத நாளில் இந்த மந்தம் இல்லை.

உடம்பு ஏறினால் மூளை இறங்கும் என்கிறார் மாமனார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார்! 5 முதல் 17 வயதினருக்கு வாரம் மூன்று நாளாவது தசை வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்.

டம்பெல் எடையைக் குறைத்துப் பார்த்தோம். முட்டை, சுண்டல் கொடுத்தோம். தூக்கம் எட்டு மணி நேரம். ஹீமோகுளோபின் சரியாகவே இருக்கிறது. காலைக்கு மாற்ற வழியில்லை, டியூஷன்.

பயிற்சி முடிந்து எவ்வளவு நேரம் கழித்து உட்கார்ந்தால் உங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பில் கவனம் நிற்கிறது?